இளவேனிற் சமையல்: நம் வட்டாரமும் ஜப்பானும்

கல்லூரி மலரில் சமையலைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கவிதைக்கும் சிறுகதைக்கும் ஒதுக்கிய பக்கங்களில் வேப்பம்பூவுக்கும் மூங்கில் குருத்துக்கும் என்ன வேலை என்று கேட்கவும் கூடும். தாவரவியல் படிப்பவர்கள் பாடப் புத்தகத்தில் பூவின் உறுப்புகளை வரைந்து பெயர் எழுதுகிறோம். அதே பூ வீட்டில் நெய்யில் பொரிந்து இலைக்கு வரும்போது அதைத் தாவரவியலாக நாம் எண்ணுவதில்லை. அந்த இடைவெளியைச் சற்றே குறைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பான் எப்படி இங்கே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வாழும் நமக்கு ஜப்பான் இன்று வெறும் வரைபடப் பெயராக இல்லை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனத்தின் வாகன ஆலை 2016 முதல் இயங்குகிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் குளிர்சாதனக் கருவிகள் செய்யும் ஆலை அமைக்க மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் 2023-இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நம்மில் சிலருக்கு நாளை அங்கே வேலை கிடைக்கும். சிலர் பயிற்சிக்காக அந்நாட்டுக்கே போகவும் கூடும். "அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டால் "பச்சை மீன்" என்று ஒரே சொல்லில் விடை சொல்லி முடித்துவிடுகிறோம். நம்மைப் பற்றி எவரேனும் "இட்லி" என்று ஒரே சொல்லில் முடித்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட விடை அது.

ஜப்பானியச் சமையலின் உயிர் பருவத்தில் இருக்கிறது. ஒரு காய், ஒரு கீரை, ஒரு மீன் ஆண்டின் எந்த நாட்களில் உச்சச் சுவையோடு இருக்கிறதோ, அந்நாட்களை அவர்கள் 'ஷுன்' என்று ஒரு தனிச் சொல்லால் குறிப்பார்கள். பருவத்துக்குச் சற்று முன்பே வரும் முதல் வரவுக்கு 'ஹஷிரி' என்றும், பருவம் கழிந்தபின் கடைசியாகக் கிடைப்பதற்கு 'நகோரி' என்றும் பெயர். அவற்றுள் நகோரி என்பது பிரிவின் எச்சத்தைக் குறிக்கும் சொல். கடைசி மாம்பழத்தைக் கொட்டை வரை சுவைத்துவிட்டு, இனி அடுத்த ஆண்டுதான் என்று எண்ணும் மனநிலைக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் வைக்கவில்லை. 2013-இல் யுனெஸ்கோ ஜப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாட்டை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கையையும் பருவ மாற்றத்தையும் உணவில் காட்டும் இந்த வழக்கமும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

நமக்கும் பருவக் கணக்கு புதியதன்று. ஆண்டை ஆறாகப் பகுத்துக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஜப்பானியரின் பழைய கணக்கு ஆண்டை இருபத்து நான்காகப் பகுக்கும். அதன்படி வேனில் பிறப்பது பிப்ரவரி 4-ஆம் நாளை ஒட்டி. முடிவது மே மாதத் தொடக்கத்தில். நம் மாதக் கணக்கில் சொன்னால் தையின் பிற்பகுதியில் தொடங்கிச் சித்திரையின் நடுவைத் தாண்டிச் செல்லும். ஆக, அவர்களுடைய வேனிலின் கடைசிப் பகுதியும் நம்முடைய இளவேனிலின் முதற்பகுதியும் சித்திரையில் சந்திக்கின்றன.

மண்ணைப் பிளந்து வருவன

அங்கே வேனிலின் முதற்குரல் 'ஃபுக்கி நோ தோ' என்னும் மொட்டு. ஃபுக்கி என்பது ஈரநிலத்தில் வளரும் அகன்ற இலைச் செடி. பனி உருகும் முன்பே அதன் பூமொட்டு தரையிலிருந்து உருண்டையாகத் தலைநீட்டும். அதைப் பறித்து மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். அல்லது வேகவைத்து நீரில் ஊறவிட்டு, நறுக்கி, 'மிசோ' என்னும் புளித்த சோயா விழுதோடு வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். அது கசக்கும். வேனிலில் கசப்பைத் தட்டில் வை என்ற பொருளில் அவர்களிடையே ஒரு வழக்குச் சொல் உண்டு. குளிர்காலம் முழுதும் உப்பிலிட்ட காய்கறியையும் கிழங்கையும் உண்டு சலித்த நாக்குக்கு அந்தக் கசப்பு ஒரு விழிப்பு.

அதன்பின் வருவது மூங்கிற் குருத்து. 'தகெனோக்கோ' என்பர்; மூங்கிலின் பிள்ளை என்று பொருள். குருத்தின் நுனி மண்ணுக்கு மேல் வந்து வெயில் பட்டுவிட்டால் கடினமாகிவிடும். துவர்ப்பும் காறலும் ஏறிவிடும். எனவே தேர்ந்தவர்கள் விடியற்காலையில் மூங்கில் தோப்புக்குப் போய், மண்ணில் தெரியும் சிறு வெடிப்பைப் பார்த்து, உள்ளேயிருக்கும் குருத்தைத் தோண்டி எடுப்பார்கள். எடுத்த நேரத்திலிருந்தே காறல் வளரத் தொடங்கும். ஆகையால் எடுத்த அன்றே அரிசித் தவிடும் ஓரிரு மிளகாயும் போட்ட நீரில் தோலோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, அந்த நீரிலேயே ஆறவிடுவார்கள். தவிடு இல்லாத வீட்டில் அரிசி கழுவிய நீரே போதும். இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுக் கருணைக்கிழங்கு நினைவுக்கு வந்தது. கருணையையும் சேனையையும் நம் தாய்மார்கள் அரிசி கழுநீரில் அலசிப் புளி விட்டு வேகவைப்பது நாக்கு அரிக்காமல் இருப்பதற்காகத்தான். கருணையில் அரிப்பைத் தருவது ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகம். மூங்கிற் குருத்தின் காறலுக்கு ஆக்சாலிக் அமிலமும் ஹோமோஜெண்டிசிக் அமிலமும் காரணம். குருத்தில் சயனைடு தரும் பொருளும் சிறிதளவு உண்டு. நன்றாக வேகவைத்தால் அது போய்விடும். வேதியியல் வகுப்பு இல்லாத காலத்தில் இரண்டு நாட்டுப் பெண்களும் ஒரே கழுநீரை வைத்து ஏறத்தாழ ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள்.

வேகவைத்த குருத்தை அரிசியோடு சேர்த்துச் சோறாக்குவர். அல்லது அதே பருவத்தில் கடலிலிருந்து வரும் 'வகாமே' என்னும் இளங்கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவைப்பர். மலையில் விளைந்ததும் கடலில் விளைந்ததும் ஒரே பருவத்தில் ஒரு பாத்திரத்தில் கூடுவதை ஒரு சிறப்பாகவே பேசுவார்கள். மேலே 'கினோமே' என்னும் சிறு துளிர் ஒன்று. அதை அப்படியே போடமாட்டார்கள். உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒருமுறை தட்டிப் போடுவார்கள். தட்டினால்தான் மணம் விடும். நாம் கறிவேப்பிலையைக் கசக்கிப் போடுகிறோமே, அதேதான். ஓர் உபரிச் செய்தி: கினோமேயும் கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த உறவினர்கள்.

'வராபி' என்னும் பெரணிக் குருத்தையும் சொல்ல வேண்டும். சுருண்ட குழந்தைக் கைபோல் இருக்கும். அப்படியே தின்றால் நஞ்சு. புற்றுநோயைத் தூண்டும் பொருள் அதில் உண்டு. அதனால் மரச்சாம்பலைத் தூவிக் கொதிநீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைப்பார்கள். சாம்பலின் காரத்தன்மை அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். காலையில் நீரை வடித்து, பலமுறை அலசி, பிறகே சமைப்பர். ஃபுக்கி மொட்டிலும் ஈரலுக்கு ஊறு செய்யும் பொருள் உண்டு. அதனால்தான் வேகவைத்து நீரில் ஊறவிடும் வழக்கம். இயற்கையாக விளைந்தது எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேனில் துளிர் கசப்பதும் காறுவதும் நம்மை மகிழ்விப்பதற்காக அன்று. பூச்சியும் விலங்கும் பசியோடு அலையும் பருவத்தில் மெல்லிய குருத்தைக் காத்துக்கொள்ளச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்தக் காவலைப் பாதி கலைத்து, மீதிப் பாதியைச் சுவையாக விட்டுவைப்பதே சமையற்காரரின் திறமை.

மரத்திலிருந்து இறங்குவன

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பனி உருகும் வேனில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்கிறது. தையில் அறுவடை. மாசி, பங்குனியில் ஏரிகளில் நீர் இறங்கத் தொடங்குகிறது. சித்திரையில் மேல்மண் காய்ந்து வெடிக்கிறது. அந்நேரத்தில் தரையிலிருந்து மென்மையான குருத்து எங்கே முளைக்கும்? ஆனால் வேம்பும் புளியும் மாவும் பனையும் ஆழத்தில் வேரோடியவை. மாசிப் பங்குனியில் பழைய இலையை உதிர்த்து, நிலம் வறண்டிருக்கும் அதே நாட்களில் வேம்பும் புளியும் துளிர்க்கின்றன. வேம்பு பூக்கிறது, மா காய்க்கிறது. மண்ணுக்குள் தண்டிலும் கிழங்கிலும் சேமித்த உணவைக்கொண்டு ஜப்பானியச் செடிகள் எழுகின்றன. ஆழத்து நீரைக்கொண்டு நம் மரங்கள் தழைக்கின்றன. அவர்களுடைய வேனில் உணவைக் குனிந்து எடுக்க வேண்டும். நம்முடையதை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

வேப்பம்பூ நம்முடைய ஃபுக்கி மொட்டு. பங்குனி பிறந்ததும் மரத்தடியில் பழைய வேட்டியையோ புடவையையோ விரித்து வைத்து, காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவை எடுத்துக் காம்பும் தூசும் போகப் புடைத்து, காயவைத்துப் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பார்கள். அடுத்த பங்குனி வரை அது ரசத்துக்கும் துவையலுக்கும் ஆகும். உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைப்பவர்களும் உண்டு.

சித்திரை முதல் நாளன்று மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைச் சேர்ப்பது எல்லோரும் அறிந்தது. எல்லைப்புற ஊர்களில் வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் பேறு உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணிப் பகுதி இங்கே வந்தது. சத்தியவேட்டுப் பகுதி அங்கே போனது. கோடு இடம் மாறியதே தவிர, வீடுகள் மாறவில்லை. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. எனவே பங்குனியில் யுகாதிப் பச்சடி ஒரு வீட்டிலிருந்து வருகிறது. சித்திரையில் மாங்காய்ப் பச்சடி மறு வீட்டுக்குப் போகிறது. "அக்கா, போன தடவை உங்க பச்சடியில கசப்பே இல்லையே" என்று குறை சொல்லும் உரிமையும் அதோடு சேர்ந்தே போகிறது.

யுகாதிப் பச்சடியின் ஆறு சுவைகளும் வாழ்க்கையின் இன்பதுன்பங்களைக் குறிக்கின்றன என்று மேடைகளில் விளக்குவார்கள். அது சரிதான். ஆனால் அப்பச்சடியில் சேரும் பொருள்களைப் பருவத்தோடு வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வேப்பம்பூ அப்போதுதான் பூத்தது. மாங்காய் அப்போதுதான் திரண்டது. புளி மாசி பங்குனியில் உலுக்கி ஓடு நீக்கிய புதுப்புளி. வெல்லம் தைக் கரும்பை ஆட்டிக் காய்ச்சிய புதுவெல்லம். உப்பும் காரமும் மட்டுமே எப்போதும் உள்ளவை. தத்துவம் பிறகு வந்து சேர்ந்திருக்கலாம். முதலில் அது அந்த வாரம் வீட்டில் புதிதாக இருந்தவற்றின் கூட்டு என்பதே என் எண்ணம். ஜப்பானியர் 'ஷுன்' என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

செய்முறை தெரியாத விடுதி நண்பர்களுக்காக: மிகப் புளிப்பில்லாத மாங்காய் ஒன்றைத் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்கி, மூழ்கும் அளவு நீரும் சிட்டிகை மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைக்கவும். வெந்தபின் ஒரு கைப்பிடி வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கெட்டியாகும் வரை கிளறவும். கடுகும் ஒரு மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டவும். வேப்பம்பூவைத் தனியே ஒரு கரண்டி நெய்யில், கருகாமல், பழுப்பாகும் வரை வறுத்துப் பரிமாறும்போது மேலே தூவவும். முன்பே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு பச்சடி முழுதும் இறங்கிவிடும். தனியே தூவினால் இனிப்பு, புளிப்பு என்று போய்க்கொண்டிருக்கையில் எப்போதாவது ஒரு பூ பல்லில் படும். அந்தக் கசப்பு அளவோடு இருக்கும்.

புளியங்கொழுந்தை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பங்குனி சித்திரையில் புளியமரம் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் துளிர்க்கும்போது அக்கொழுந்தை உருவி எடுத்து, கைகளுக்கிடையே தேய்த்துக் காம்பை நீக்கி, துவரம்பருப்போடு கடைவார்கள். தெலுங்கு வீடுகளில் அதற்குச் 'சிந்தசிகுரு' என்று பெயர். அங்கே ஆட்டுக்கறியோடும் உலர்ந்த இறாலோடும் கூடச் சமைப்பர். நம் பக்கத்துச் சென்னாக்குன்னியோடு அது சேரும் சேர்க்கையை உண்டவர்களே அறிவார்கள். புளி கரைத்து ஊற்ற வேண்டியதில்லை, இலையே புளிப்பு. ஜப்பானியர் 'தாரா' என்னும் முள்மரத்தின் நுனித் துளிரை ஒடித்து மாவில் தோய்த்துப் பொரித்து, அதைக் காட்டுத் துளிர்களின் அரசன் என்று கொண்டாடுகிறார்கள். நம் புளியங்கொழுந்துக்குச் சந்தையில் ஒரு கூறுகட்டி வைக்கும் பாட்டியைத் தவிர வேறு விளம்பரம் இல்லை.

மாவடுவும் ஆவக்காயும் தனிக் கட்டுரைக்கு உரியவை, சுருக்கமாகவே சொல்கிறேன். காற்றில் உதிரும் பிஞ்சு மாசி பங்குனியில் உப்புநீருக்குப் போகிறது. கொட்டை முற்றிய காய் சித்திரை வைகாசியில் ஓட்டோடு வெட்டப்பட்டுக் கடுகுத்தூளுக்கும் நல்லெண்ணெய்க்கும் போகிறது. பிறகு பங்கனப்பள்ளியும் ருமானியும் பழமாகி வருகின்றன. ஒரே மரத்தின் காய், மூன்று வயதில் மூன்று சமையல். இவற்றோடு முருங்கைக்காயும், சாலையோரத்தில் விற்கும் கொடுக்காப்புளியும், வெள்ளரிப் பிஞ்சும் சேர்ந்தால் நம் இளவேனில் கூடை நிறைந்துவிடும்.

பனை

நம் வட்டாரத்தின் இளவேனிலுக்கு ஒரு தலைமகன் வேண்டுமென்றால் அது பனைதான். மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரையிலும், எளாவூர், ஆரம்பாக்கம் பக்கங்களிலும் மணற்பாங்கான நிலத்தில் நிற்கும் பனைகளே இந்த மாதங்களில் நெடுஞ்சாலைக்கு நுங்கை அனுப்புகின்றன. நுங்கு என்பது தாவரவியல் முறையில் பார்த்தால் முற்றாத விதையின் சூழ்தசை, அதாவது கரு வளர்வதற்கென வைத்த உணவு. முதலில் நீராக இருந்து, பிறகு கூழாகி, பிறகு தேங்காயைப்போல் இறுகும். கூழாக இருக்கும் சில நாட்களே நமக்கு. வெட்டுபவர் காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இளசா, கல்லா என்று சொல்லிவிடுவார். மூங்கில் தோப்பில் மண்வெடிப்பைப் பார்த்து ஆழத்தைச் சொல்லும் ஜப்பானிய முதியவருக்கு அவர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். ஆனால் அங்கே அந்த அறிவைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன.

பாளையைச் சீவி இறக்கும் பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு வரை உண்டு. இவ்வளவு சர்க்கரை வெயிலில் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈஸ்டு நுண்ணுயிர்கள் சும்மா இருக்குமா? சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அவை பெருக முடியாது. கலயத்துக்கு நல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பு என்பார்கள்; அது ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. வராபியின் நஞ்சைச் சாம்பலின் காரத்தால் முறித்ததை மேலே பார்த்தோம். இங்கே புளிப்பைச் சுண்ணாம்பின் காரத்தால் தடுக்கிறோம். அங்கே காட்டுச் சாம்பல். இங்கே கழிமுகத்துச் சிப்பி.

அந்தச் சிப்பியையும் சற்றுப் பார்ப்போம். ஜப்பானில் மார்ச் 3-ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. அன்று 'ஹமகுரி' என்னும் மட்டிச் சிப்பியில் தெளிந்த சாறு வைப்பார்கள். ஒரு ஹமகுரியின் இரு ஓடுகளும் ஒன்றோடொன்றுதான் பொருந்தும். வேறெந்த ஓட்டோடும் பொருந்தா. அதனால் நல்ல துணை அமைய வேண்டும் என்ற வாழ்த்தாக அது விருந்தில் இடம்பெறுகிறது. விலங்கியல் பெயரில் அது மெரெட்ரிக்ஸ் இனம். பழவேற்காட்டு ஏரியில் கிடைக்கும் மட்டியும் அதே மெரெட்ரிக்ஸ் இனத்தைச் சேர்ந்த இன்னொரு வகைதான். அங்கே பெண்ணின் திருமண வாழ்த்தாகும் சிப்பி, இங்கே பெரும்பாலும் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாகிறது.

கடலுக்கு ஓய்வு

ஜப்பானியருக்குச் செர்ரி பூக்கும் நாட்களில் கரைக்கு வரும் செந்நிற 'தாய்' மீன் வேனிலின் அணி; அதற்குச் 'சகுரா தாய்' என்றே பெயர். நமக்கோ அந்நாட்கள் வேறுவகை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017-இல் 61 நாளாயிற்று. மீன்கள் இனம் பெருக விடப்படும் காலம் இது. ஆக நம் இளவேனிலின் கடற்பருவம் 'உண்ணாதிரு' என்பதே. அந்நாட்களில் நாட்டுப் படகில் வரும் சிறு மீனும், பழவேற்காட்டு ஏரியின் இறாலும் நண்டும் மடவையும், நீர் வற்றும் ஏரிகளில் பிடிக்கும் விராலும் கெளுத்தியுமே சட்டிக்கு வரும். பழவேற்காட்டில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலைவிடுவது என்பதைப் 'பாடு' முறையில் மீனவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது அரசு ஆணைகளுக்கெல்லாம் மிகவும் முந்தியது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வருவது குறைந்தால் ஏரியின் வரவும் குறைந்துவிடும். ஒரு மணல்மேடு நம் வீட்டு இறால் குழம்பைத் தீர்மானிக்கிறது.

இளவேனிலின் இன்னொரு பொருளைக் கடையில் வாங்க முடியாது. அது வெயில். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் காயவைத்து இரவில் மூடி, மறுநாள் மீண்டும் பிசைந்து உருட்டிப் பல நாள் காயவைத்த தாளிப்பு வடகம் நம் வடமாவட்டங்களின் அடையாளம். மீன் குழம்பிலும் கீரைக் கடைசலிலும் ஓர் உருண்டையின் கால்பங்கு விழுந்தால் தெருமுனை வரை மணக்கும். மேகம் மூடிய கார்த்திகையில் அதைச் செய்ய இயலாது. கார்த்திகையில் அதை உண்ணும்போது நாம் சித்திரை வெயிலையே உண்கிறோம். ஜப்பானியர் செர்ரிப் பூவை உப்பிலிட்டு வைத்து, மணநிச்சயத்தின்போது வெந்நீரில் மிதக்கவிட்டுத் தருவதும் இதே அறிவுதான். அவர்களுடைய 'சகுரா மோச்சி' என்னும் இனிப்பைச் சுற்றியிருக்கும் செர்ரி இலைக்குப் பச்சையில் அவ்வளவாக மணமில்லை. உப்பில் ஊறிய பிறகே கூமரின் என்னும் பொருள் வெளிப்பட்டு மணக்கும்.

இவ்வளவும் சொன்னதால் ஜப்பானியர் எல்லோரும் விடியலில் மூங்கில் தோண்டப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அங்கே கடையில் கிடைக்கும் வேகவைத்த மூங்கிற் குருத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. காட்டுத் துளிர்கள் பலவும் பந்தலுக்குள் பயிராகிப் பருவத்துக்கு முன்பே சந்தைக்கு வருகின்றன. ஆயினும் பள்ளியுணவிலும் ரயில் நிலையத்து உணவுப் பெட்டியிலும் கூடப் பருவத்தின் ஒரு துண்டை வைக்க அவர்கள் முயல்கிறார்கள். விலை உயர்ந்த விருந்தில் மட்டும் அன்று, தொழிலாளி வாங்கும் பெட்டியிலும்.

நம் பக்கத்துத் தொழிற்சாலை உணவுக்கூடங்களை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மூன்று முறைப்பணியிலும் ஆயிரக்கணக்கானோர் உண்ணும் இடங்கள் அவை. திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்ற அட்டவணை சுவரில் தொங்கும். அந்த அட்டவணைக்குத் திங்களும் செவ்வாயும் தெரியும். பங்குனியும் சித்திரையும் தெரியாது. சுற்றுச்சுவருக்கு வெளியே நுங்கு வண்டி நிற்கும். உள்ளே அதே உருளைக்கிழங்குப் பொரியல் நடக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைக்கும் நண்பர்கள் இந்த ஊரில் ஐந்தாறு ஆண்டுகள் இருந்தும் இந்த ஊரின் ஒரு பருவத்தையும் நாக்கால் அறியாமல் திரும்பிப் போகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் வேப்பம்பூ ரசமோ மாங்காய் போட்ட பருப்போ வைத்தால் செலவு கூடாது. இந்த மாதங்களில் மாங்காய் மலிவு. வேப்பம்பூவுக்குப் பொறுக்கும் கூலிதான். நம் கல்லூரி விடுதிக்கும் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விடுதிக் காப்பாளர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையும் உண்டு.

சமையற்காரர் மனம் வைத்தால் மட்டும் போதாது, மரம் நிற்க வேண்டும். நிலத்தைச் சமன்செய்து மனை பிரிக்கும்போதும் சாலையை அகலமாக்கும்போதும் முதலில் விழுபவை பனையும் சாலையோரப் புளியும். 2021-இல் தமிழ்நாடு அரசு தன் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தையும் அதில் சேர்த்தது. விதை முளைத்து வளர்ந்து பாளை விடப் பனைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று நடுபவர் நம் வயதினராக இருந்தால், தாம் நட்ட மரத்தின் நுங்கைத் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணலாம்.

நடும் முறை எளிது. ஆனி பிறந்ததும் நுங்கு இறுகிவிடும். வெட்டாமல் விட்ட காய்கள் ஆடி ஆவணியில் கறுத்துப் பழுத்துத் தாமே விழும். மணக்கும் அந்தப் பழத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டையை ஏரிக்கரையிலோ வரப்பிலோ ஒரு முழ ஆழத்தில் புதைத்து மண்ணைத் தள்ளினால் போதும். தண்ணீர் ஊற்றும் வேலையைப் புரட்டாசி, ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மரம் வேண்டாம், கிழங்கு போதும் என்பவர்கள் கொட்டைகளை மணற்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடி வைத்து, தையில் தோண்டி எடுத்து மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைக்கலாம். பொங்கல் முடிந்து அந்தப் பனங்கிழங்கு பொன்னேரிச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் நாட்களில், ஜப்பானில் பனிக்கு அடியில் ஃபுக்கி மொட்டு திரளத் தொடங்கியிருக்கும்.